கேட்க வேண்டியவர்

கருக்கம்பட்டி கூட்ரோடு இன்னும் எவ்வளவு தூரம்க்கா? கண்டக்டர்கிட்ட சொல்லித்தான் வெச்சிருக்கேன், ஆனா அவர் ஃபோன் பேசிக்கிட்டே இருக்கார். நீங்களும் அங்கதான் எறங்கறீங்களா? அப்ப சரி.

எனக்கு இந்தப் பக்கம் இல்லக்கா. எங்க ஊருக்கு அரூர் தாண்டி உள்ள போகணும். இங்க ஒரு பொண்ணைப் பாக்க வந்திருக்கேன். நதியான்னு பேர். அவங்க அப்பா டிராக்டர் டயருக்குப் பங்ச்சர் ஒட்டறவர், ரோட்டோரமா கடை வெச்சிருக்கார்னு சொல்லுவா. தெரியுமா? உங்களுக்குப் பின்தெருவா? அவளேதான். ஒசூர்ல வேலை பாத்த பொண்ணு. வேலை போயிடுச்சுன்னு ஊர்ல பேசிக்கறாங்களா? போகலக்கா. கான்ட்ராக்ட் முடிஞ்சுது, புதுப்பிக்கல. ரெண்டும் வேற வேற. சரி, வீட்ல இருந்து பாத்தா ஒண்ணுதான்.

நானும் அவளும் ஒரே கம்பெனி. ஹாஸ்டல்ல ஒரே ரூம். இப்ப ஃபோன் எடுக்க மாட்டேங்கறா. மெசேஜ் போட்டா பாக்கறதே இல்ல. அதான் நேர்ல வந்துட்டேன். அவகிட்ட ஒரு விஷயத்தை விளக்கணும். அவ வேலை போனதுக்கு நான்தான் காரணம்னு நெனச்சுக்கிட்டிருக்கா. நான் காரணம் இல்லக்கா. நடந்ததை வரிசையாச் சொன்னா யாருக்கும் அது புரியும். என்ன கஷ்டம்னா, அவ முன்னாடி நின்னா எனக்கு வரிசை மறந்துரும். உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பாக்கட்டுமா? உங்களுக்குப் புரிஞ்சுதுன்னா அவளுக்கும் புரியும். புரியாத எடத்துல சொல்லுங்க, நான் மாத்திக்கறேன்.

எங்க கம்பெனியில ஆஸ்பத்திரிக்கு ஒரு பெட்டி செய்யறாங்க. ஊசிக்குழாயில மருந்தை ரொப்பி அதுல மாட்டிட்டா, அதுவே கொஞ்சம் கொஞ்சமா மருந்தைத் தள்ளும். ஐசியூல கட்டில் பக்கத்துல நிக்கும், பாத்திருப்பீங்க. பாத்ததில்லையா? நல்லது. அந்தப் பெட்டியும் கம்ப்யூட்டரும் பேசிக்கறதுக்கு நடுவுல ஒரு புரோகிராம் வேணும். அதுக்கு டிரைவர்னு பேர். அந்த டிரைவர் ஒழுங்காப் பேசுதா, பெட்டி ஒழுங்காப் பதில் சொல்லுதான்னு பாக்கறதுக்கு இன்னொரு புரோகிராம். அதுதான் டெஸ்ட். நான் அந்த டெஸ்ட்டை எழுதற பொண்ணு. நதியா அதை ஓட்டற பொண்ணு. அவ பாலிடெக்னிக், கான்ட்ராக்ட்ல வந்தவ. நான் பி.இ., ட்ரெயினி. மேசை ஒவ்வொண்ணையும் ஸ்டேஷன்னு சொல்வோம். அவ ஸ்டேஷன் மூணு.

ரெண்டு பேருக்கும் இந்த வருஷம் முக்கியமான வருஷம்க்கா. அதைச் சொல்லிட்டாத்தான் மத்தது புரியும். எனக்கு ட்ரெயினிங் முடிஞ்சு கன்ஃபர்ம் பண்ணணும். அவளைக் கான்ட்ராக்ட்லேர்ந்து கம்பெனி ரோலுக்கு, நிரந்தர வேலைக்கு, எடுக்கறதா இருந்துச்சு. அவங்க அப்பா ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். ரோலுக்கு எடுத்துட்டா கல்யாணப் பேச்சை ரெண்டு வருஷம் தள்ளி வெக்கறேன், இல்லைன்னா வந்து கழுத்தை நீட்டணும்னு. அவ பார்ட் டைம்ல பி.இ. சேரணும்னு அப்ளிகேஷன் எல்லாம் பாத்து வெச்சிருந்தா. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதுன்னு நான் சொல்ல மாட்டேன்.

பழைய டெஸ்ட் ரொம்ப மோசமா இருந்துச்சு. எது தப்பாப் போனாலும் ஃபெயில்னு சிவப்பா ஒரே வார்த்தை வரும். வயர் லூசா இருந்தாலும் ஃபெயில், பெட்டி செத்திருந்தாலும் ஃபெயில், கரண்ட் போனாலும் ஃபெயில். சில சமயம் அது கூட வராது. பெட்டிகிட்ட ஒண்ணு கேட்டுட்டு, பதில் வர வரைக்கும் அப்படியே நிக்கும். வராத பதிலுக்கு நாள் பூரா நிக்கும். நதியா அதுக்கு மாமியார் மூஞ்சின்னு பேர் வெச்சிருந்தா. “வந்து பாருடீ, மாமியார் மூஞ்சியத் தூக்கி வெச்சிருச்சு”ன்னு கூப்பிடுவா. இன்னும் மோசம் என்னன்னா, நடுவுல பிழை வந்தா பெட்டியோட மோட்டாரை நிறுத்தாமலே டெஸ்ட் வெளிய வந்துரும். அடுத்து மாட்டற நல்ல பெட்டியும் அந்தக் குழப்பத்துல ஃபெயில்னு வரும். ஒண்ணு கெட்டா பின்னாடி வர்றது எல்லாம் கெட்டுப் போன மாதிரி காட்டும்.

எங்க டீம் லீடர் ஜெயபாலன் சார். நல்லவர், கத்த மாட்டார். அவர்தான் சொன்னார், இந்த எர்ரர் ஹேண்ட்லிங்கை நீ எடுத்துச் சரி பண்ணும்மா, இதை ஒழுங்கா முடிச்சேன்னா உன் கன்ஃபர்மேஷனுக்கு நான் எழுதறேன்னு. பிழை வந்தா டெஸ்ட் அதை எப்படிப் பிடிக்கணும், எப்படிச் சொல்லணும், அப்புறம் எப்படிச் சுத்தம் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போகணும். அதான் எர்ரர் ஹேண்ட்லிங்.

எங்க வீட்ல காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்க்கா. முதல் பட்டதாரின்னு தாலுகா ஆபீஸ்ல சர்ட்டிஃபிகேட் வாங்கி, அதுலதான் ஃபீஸ் கொறைச்சாங்க. ட்ரெயினின்னு ஒண்ணு, கன்ஃபர்ம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு நடுவுல வெளிய அனுப்பவும் முடியும்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. நானும் சொல்லல. அவங்களுக்கு வேலை கிடைச்சாச்சு, அவ்வளவுதான்.

காலேஜ்ல இன்டர்வியூக்குத் தயார் பண்ண ஒரு சார் வருவார். அவர் எங்களை மாதிரி ஆளுங்களைத் தனியா உக்கார வெச்சு ஒண்ணு சொல்லிக் கொடுத்தார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, கூட ஒரு வார்த்தை வாயை விட்டீங்கன்னா அதுலயே மாட்டுவீங்கன்னு. அது எனக்கு நல்லா வேலை செஞ்சுது. அதை வெச்சுத்தான் இந்த வேலையே வாங்கினேன்.

வேலைக்கு வரேன். எர்ரர் ஹேண்ட்லிங்ல ஒரு தொல்லை இருக்கு. பிழையைச் சரியாப் பிடிக்குதான்னு பாக்கணும்னா முதல்ல பிழை வரணும். நல்ல பெட்டியில வராது. நாமதான் வரவழைக்கணும். ஓடிக்கிட்டிருக்கும்போது வயரைப் புடுங்கணும், கரண்டை நிறுத்தணும், மோட்டாரை விரலால அமுக்கிப் புடிக்கணும். புரொடக்‌ஷன் நேரத்துல ஸ்டேஷனைத் தர மாட்டாங்க. மதியம் சாப்பாட்டு நேரம்தான். நதியாவே சொன்னா, என் ஸ்டேஷன்ல பண்ணுடீ, நான் வரேன்னு. நான் வற்புறுத்தலக்கா. அவளாத்தான் சொன்னா.

அவ கேன்டீன் சாப்பாட்டை விட்டுட்டு, டப்பாவுல கொண்டு வந்த லெமன் சாதத்தைக் கதவுக்கு வெளியில நின்னே முழுங்கிட்டு ஓடி வருவா. உள்ள சாப்பிடக் கூடாது. வந்து லாகின் பண்ணிட்டு, கையைத் தட்டிக்கிட்டு நிப்பா.

“எதைப் புடுங்கட்டும், இன்ஜினியரம்மா?”

நான் சொல்லச் சொல்லப் புடுங்குவா. நான் சொல்லாததையும் புடுங்குவா. ஒடைக்கறதுல எனக்கு கோல்டு மெடல், எங்கம்மாகிட்ட கேட்டுப் பாருன்னுவா. ஒரு பிழை வந்து, அதை என் புரோகிராம் சரியாப் புடிச்சு, மோட்டாரை நிறுத்தி, அடுத்த டெஸ்ட்டுக்குப் போச்சுன்னா ரெண்டு பேரும் சத்தம் போடாம கையை மட்டும் தட்டிக்குவோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் இருப்பார். ரொம்ப நாள் இப்படித்தான் போச்சு. எத்தனை தடவைன்னா, அந்த வயரோட முனையே நசுங்கிப் போய் ஸ்டோர்ல வேற வாங்க வேண்டியதாப் போச்சு.

இப்ப முக்கியமான எடம். கவனமாக் கேளுங்க.

நல்ல எர்ரர் மெசேஜ்னா அதுல மூணு விஷயம் இருக்கணும். என்ன நடந்துச்சு, எங்க நடந்துச்சு, அடுத்து என்ன செய்யணும். ட்ரெயினிங்ல சொல்லிக் கொடுத்ததுதான். முதல் ரெண்டும் சுலபம். பெட்டி பதில் சொல்லல, ஸ்டேஷன் மூணு. அடுத்து என்ன செய்யணும்? நான் ரொம்ப யோசிச்சேன். பிழை வந்த எடத்துல யார் இருந்தாங்களோ அவங்களைப் போய்க் கேக்கணும். வேற யாருக்கும் தெரியாது. வயர் ஆடுச்சா, லைட் மினுக்குச்சா, அவங்க கண்ணாலதான் பாத்திருப்பாங்க. அதனால கடைசி வரியில ‘கேட்க வேண்டியவர்’னு போட்டு, அப்ப யார் லாகின்ல இருக்காங்களோ அவங்க பேர் தானா வர மாதிரி செஞ்சேன். ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல வரும். உங்களுக்காகத் தமிழ்ல சொல்றேன்.

நல்ல எண்ணத்துலதான்க்கா செஞ்சேன். கேக்கணும்னுதான் பேர் போட்டேன்.

முதல் தடவை அந்த வரி வந்தப்ப நதியா ஸ்கிரீனுக்குப் பக்கத்துல முகத்தைக் கொண்டு போய் எழுத்துக் கூட்டிப் படிச்சா. “பாருடீ. யாரைக் கேக்கணும்னு மெஷினுக்கே தெரிஞ்சிருக்கு. இந்த சூப்பர்வைசருக்குத்தான் தெரியல.” அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். இன்னொரு தடவை வர வைன்னா. இன்னொரு தடவை வயரைப் புடுங்கினா. வந்துச்சு.

அப்புறம் எல்லா ஸ்டேஷனுக்கும் புது டெஸ்ட்டைப் போட்டோம். நல்லா ஓடுச்சு. மாமியார் மூஞ்சி நின்னு போச்சு. நல்ல பெட்டியை கெட்டதுன்னு சொல்றது நின்னு போச்சு. நான் பொய் சொல்லல, நீங்க யாரை வேணா விசாரிச்சுப் பாருங்க, அந்த வேலை நல்ல வேலை.

ஜெயபாலன் சார் சொன்னார், மேல காட்டறதுக்கு எல்லாம் ஒரே பார்வையில தெரியற மாதிரி கிராஃப் படம் போடும்மான்னு. எதை வெச்சுப் பிரிக்கட்டும் சார்னு கேட்டேன், பிழையோட வகையை வெச்சா, ஸ்டேஷனை வெச்சா, பேரை வெச்சான்னு. மூணும் போடுன்னார். மூணும் போட்டேன். மீட்டிங்ல மூணாவதை மட்டும்தான் பாத்தாங்க. யார் பேர்ல எத்தனை பிழைன்னு காட்டற படம். மத்தவங்களோடது எல்லாம் செங்கல்லு மாதிரி கீழ கிடக்கு. நதியாவோடது கரண்ட் கம்பம் மாதிரி நிக்குது.

ஏன்னு கேக்கறீங்களா? இல்ல, நீங்க கேக்கல, நானே சொல்றேன். நாங்க சாப்பாட்டு நேரத்துல வரவழைச்ச பிழை எல்லாம் அதுல இருந்துச்சு. எல்லாம் அவ லாகின்ல. சோதனைக்கு வரவழைச்சதுன்னு குறிச்சு வெக்க நான் எடம் விடல. அது டிசைன்ல இல்ல. மீட்டிங்குக்கு முன்னாடி அதை எல்லாம் அழிச்சிருக்கலாம், எனக்கு அந்த உரிமை கொடுத்திருந்தாங்க. ஆனா ரெக்கார்டை அழிக்கறது தப்பு இல்லையாக்கா? நடந்தது நடந்ததுதானே. அவ வயரைப் புடுங்கினது நிஜம். பெட்டி பதில் சொல்லாதது நிஜம். அவ பேர் நதியாங்கறது நிஜம். நான் பொய்யா ஒரு வரி சேக்கல. நிஜமா இருந்த ஒரு வரியை எடுக்கல. இதைத்தான் அவகிட்ட சொல்லணும். இந்த எடத்தைத்தான் நல்லாச் சொல்லணும்.

மீட்டிங்ல ஜெயபாலன் சார், ஹெச்ஆர் மேடம், மேல இருந்து வந்த ஒருத்தர், லேப்டாப்ல ஸ்லைடு தள்ளறதுக்கு நான். மேல இருந்து வந்தவர் கம்பத்தைக் காட்டி, இது யாருன்னார். ஸ்டேஷன் மூணு சார், கான்ட்ராக்ட் பொண்ணுன்னு மேடம் சொன்னாங்க. புதுசான்னார். இல்ல, மூணு வருஷமா இருக்குன்னாங்க. மூணு வருஷம் இருந்துமான்னார். அப்ப ஜெயபாலன் சார் என் பக்கம் திரும்பினார்.

“டேட்டா சரிதானேம்மா?”

“சரிதான் சார்.”

“புரோகிராம்ல எதுவும் தப்பு இல்லையே?”

“இல்ல சார்.”

அவ்வளவுதான் கேட்டார். ரெண்டு கேள்வி. ரெண்டுக்கும் சரியான பதில். மேடம் எதையோ குறிச்சுக்கிட்டாங்க. அடுத்த ஸ்லைடு போடும்மான்னாங்க. போட்டேன்.

நீ எதுவும் சொல்லலையான்னா? எனக்குப் புரியுது நீங்க கேக்கறது. இந்தக் கேள்வியை அவளும் கேட்டா. சார் அதைக் கேக்கலக்கா. இது ஏன் இவ்வளவு உயரமா இருக்குன்னு ஒருத்தர் கேட்டிருந்தா, நான் கண்டிப்பாச் சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்து நின்னுக்கிட்டிருந்துச்சு. மெசேஜ்ல எழுதியே இருக்கு, கேட்க வேண்டியவர் யார்னு. ஒருத்தர் எந்திரிச்சுப் போய் அவளைக் கேக்கல. ரூமுக்கும் ஸ்டேஷன் மூணுக்கும் நடுவுல ஒரு கண்ணாடிதான். அவ அந்தப் பக்கம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கிட்டு வயரைச் சுருட்டிக்கிட்டிருந்தா. வாய் அசையறது தெரிஞ்சுது.

அந்த நேரத்துல எனக்கு என்ன தோணுச்சுன்னு யோசிச்சுப் பாக்கறேன். ஒண்ணும் தோணலக்கா. ஏசியில ரொம்ப நேரம் இருந்தா விரல் நுனி நம்மளோடது இல்லாத மாதிரி ஆயிடும்ல, அப்படி. அது அப்படியே இருக்கு. சரியாயிடும்னு நெனச்சேன். சாப்பிடறேன், தூங்கறேன், எல்லாம் ஒழுங்கா நடக்குது.

கன்ஃபர்மேஷன் அந்த வாரமேதான் வந்துச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அது முன்னாடியே போட்ட தேதி. அப்பாகிட்ட ஃபோன்ல சொன்னேன். நீ ஏற்கெனவே வேலையிலதானேம்மா இருக்கேன்னார். ஆமாப்பான்னேன்.

அவளுக்கு மாசக் கடைசியில சொன்னாங்க. கான்ட்ராக்ட்டுக்கு ஆள் அனுப்பற ஏஜென்ட் மூலமாத்தான் சொல்லுவாங்க, கம்பெனி நேரடியாச் சொல்லாது. ரூமுக்கு வந்தா. கட்டில்ல உக்காந்து ஷூவைக் கழட்டினா. ஏஜென்ட் அவகிட்ட அந்தப் படத்தைக் காட்டியிருக்கார், ஃபோன்ல. அவ பேர் போட்ட கம்பத்தை. அவளுக்கு உடனே புரிஞ்சிருக்கு, அது எங்க மதிய நேரத்துப் பிழைன்னு. அவ என்னைத் திட்டலக்கா. திட்டியிருந்தா எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். ஒண்ணே ஒண்ணு கேட்டா.

“உனக்காகத்தான் நான் புடுங்கினேன்னு சார்கிட்ட சொன்னியாடீ?”

“சார் கேக்கல, நதியா.”

சரி இன்ஜினியரம்மான்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் துணியை மடிச்சா. அவ வாயை மூடிக்கிட்டுத் துணி மடிச்சு நான் பாத்ததே இல்ல. நானும் கூட மடிச்சேன். ரெண்டு பேரும் பெட்ஷீட்டோட ரெண்டு முனையைப் புடிச்சு மடிச்சோம். கைக்குக் கை கொடுத்தா. முகத்தைப் பாக்கல.

புரியுதாக்கா இதுவரைக்கும்? ஜன்னலைப் பாக்கறீங்க. சொல்றது வேகமா இருக்கா?

இன்னும் கொஞ்சம்தான். ஸ்டேஷன் மூணுல இப்ப வேற பொண்ணு, தேன்கனிக்கோட்டைப் பக்கம். அமைதியான பொண்ணு. அவ பேர்ல பிழை ரொம்பக் கம்மி. வராதுல்ல, மதியத்துல யாரும் வயரைப் புடுங்கறது இல்லையே. புது மாசத்துப் படம் போட்டப்ப கம்பம் இருந்த எடத்துல செங்கல்தான் இருந்துச்சு. ஜெயபாலன் சார் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். பாத்தியாம்மா, ஆளை மாத்தினதும் எப்படி எறங்கிடுச்சு, உன் வேலை இல்லைன்னா இது வெளியவே தெரிஞ்சிருக்காதுன்னார். தலையாட்டினேன். பாராட்டி மெயில் போட்டார். இப்ப இன்னொரு ஊர்ல இருக்கற ஃபேக்டரிக்கும் என் டெஸ்ட்டைக் கொண்டு போறாங்க. அங்கயும் அந்தக் கடைசி வரி அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. ரொம்பப் பயனா இருக்காம்.

இப்பவாவது சொல்லலாமேன்னு கேக்கறீங்க. நானும் அதைப் பத்தி யோசிச்சேன்க்கா, யோசிக்காம இல்ல. இப்பப் போய்ச் சொன்னா, அன்னிக்கே ஏன் சொல்லலன்னு கேப்பாங்க. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. பதில் வராத கேள்வியை டெஸ்ட் என்ன செய்யணும்னு நான்தான் எழுதியிருக்கேன். கொஞ்ச நேரம் காத்திருக்கணும். வரலைன்னா பிழைன்னு பதிஞ்சிட்டு, மோட்டாரை நிறுத்திட்டு, அடுத்ததுக்குப் போயிடணும். அங்கயே நின்னா எல்லாருக்கும் தொல்லை.

அவளைத் திரும்ப எடுப்பாங்களான்னா, தெரியல. சொன்னா எடுக்கலாம். ஜெயபாலன் சார் நல்லவர்தான். கேட்டா எடுப்பாரா இருக்கும். ஆனா என்னையும் ஒரு மாதிரி பாப்பாங்க. இவ்வளவு பெரிய விஷயத்தை மறைச்ச பொண்ணுன்னு. மறைக்கலக்கா நான். எல்லாம் ரெக்கார்ட்ல இருக்கு. தேதியும் நேரமும் போட்டு, மதியம் மதியமா, அப்படியே இருக்கு. யார் வேணா தொறந்து பாக்கலாம்.

எனக்கு அவகிட்டேர்ந்து பெருசா ஒண்ணும் வேணாம். புரியுதுடீன்னு ஒரு வார்த்தை. அதுக்காகத்தான் லீவு போட்டுட்டு வரேன். அந்த வார்த்தையைச் சொல்லிட்டான்னா இந்த மரத்துப்போன மாதிரி இருக்கறது போயிடும்னு ஒரு கணக்கு. அவ சொல்லுவாளா? உங்களுக்கு அவளைத் தெரியும்ல. பேசிச் சிரிச்சுக்கிட்டே இருக்கற பொண்ணு, மனசுல வெச்சுக்க மாட்டா.

இப்ப சிரிக்கறது இல்லையா.

அடுத்த மாசமா? யாருக்கு? அவளுக்கா? பூ வெச்சுட்டுப் போயிட்டாங்களா. எனக்குத் தெரியாதுக்கா, யாரும் சொல்லல. மாப்பிள்ளை என்ன செய்யறார்? பெங்களூர்ல பேக்கரியா. சொந்தமா, இல்ல வேலை செய்யறாரா? சொந்தம். அப்ப வசதிதான். நல்ல இடம்தான். வயசு கொஞ்சம் கூடன்னா எவ்வளவு கூட? சரி. பரவால்ல, அது ஒண்ணும் இல்ல. அவ பி.இ. படிக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தாளே, அதைப் பத்தி மாப்பிள்ளை வீட்ல ஏதாவது பேசினாங்களா? உங்களுக்குத் தெரியாது. ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும். அவளுக்குச் சம்மதமா? அதுவும் தெரியாதா.

யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

இல்லக்கா, ஒண்ணும் இல்ல. தண்ணி வேணாம். நல்லாத்தான் இருக்கேன்.

இதுதானா கூட்ரோடு? அந்தப் பக்கம் தெரியற நீலத் தார்ப்பாய் போட்ட கடை அவங்க அப்பாவோடதா? வெளிய டயர்கிட்ட ஒரு பொண்ணு குனிஞ்சுக்கிட்டிருக்கே. அவளா? தலையில துண்டு கட்டியிருக்கறதால அடையாளம் தெரியல. அவதானா. எளைச்சுட்டா. நீங்க எறங்குங்கக்கா. நான் எறங்கல. கல்யாண வேலையா இருப்பாங்க, நடுவுல போய் நான் பழைய விஷயத்தை எடுத்து... பயம் எல்லாம் இல்ல. உங்களுக்குச் சொன்னேன்ல, சொல்லும்போதே ஓரளவு வந்துடுச்சு. நீங்க கூட புரிஞ்சுதுன்னு சொல்லலதான். பரவால்ல. நேரம் இல்ல, அதான்.

அவகிட்ட சொல்றீங்களா? என்னன்னு சொல்லுவீங்க? ஒரு பொண்ணு வந்துச்சுன்னா? பேர் எதுக்குக்கா. பேர் வேணாம். கம்பெனியிலேர்ந்து யாரோன்னு சொல்லுங்க. இல்ல, அதுவும் வேணாம், கண்டுபிடிச்சிடுவா. ஒண்ணும் சொல்லாதீங்க. யாராவது கேட்டா மட்டும் சொல்லுங்க.

பாத்து எறங்குங்க, படி உயரமா இருக்கு.

அண்ணே, எனக்கு இன்னொரு டிக்கெட் கொடுங்க. இல்லண்ணே, எறங்கல. எதுவரைக்கும்னா... அடுத்து எது வருதோ அதுவரைக்கும்.